கருவாட்டுக் காகிதத்தில் போன கதை

போன மாத வாசகர் கூட்டத்தில் என் முறை வந்தபோது, தலைவலி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டேன். தலைவலி எதுவும் இல்லை. நீங்கள் எல்லோரும் அந்தப் புதிய தொகுப்பின் கடைசிக் கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். முடிவைச் சொல்லாமல் விட்டதுதான் அதன் அழகு என்றார் ஒருவர். வாசகரை நம்புகிற எழுத்து என்றார் இன்னொருவர். நானும் இதே வாக்கியங்களை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லியிருக்கிறேன். அன்று வாய் வரவில்லை.

நமக்கெல்லாம் முப்பதைத் தாண்டிவிட்டது. பகல் முழுவதும் கன்டெய்னர் கிடங்கு அலுவலகத்தில் லாரிகளின் சீட்டைச் சரிபார்க்கிறேன். பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் பேருந்தில் நின்று வீடு வந்து சேர்ந்தால், ஒரு கதைக்கு மேல் படிக்க உடம்பு ஒத்துழைப்பதில்லை. அதனால்தான் எப்போதும் சிறுகதைத் தொகுப்பாக வாங்குகிறாய் என்று என்னைக் கேலி செய்வீர்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதியை நேரில் சொல்லும் தெம்பு இல்லாததால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் எங்கள் வீடு. ஏழாம் வகுப்புத் தேர்வு முடிந்து பள்ளிக்கு விடுமுறை. கடலுக்கும் விடுமுறை. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா கிடக்கும். டீசல் புகை குறைந்து, அதன் இடத்தில் பெயின்ட் வாடையும் தார் வாடையும் ஏறும். ஆண்கள் வலையைக் கால் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைத் தைப்பார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம், கருமாதி இரண்டையும் அந்த நாட்களில்தான் வைப்பார்கள். எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் கரையில் இருப்பது அப்போது மட்டும்தான்.

நைனாவுக்கு விசைப்படகில் வேலை. அம்மா மீன் விற்பாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. சந்தில் என் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், வந்தார்கள். ஆனால் தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரேஷன் கடைப் பலகை, மருந்துச் சீட்டு, துறைமுக அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை இப்போதும் என்னிடம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

அதற்கு முந்தைய மார்கழியில் மாமா போன படகு கவிழ்ந்தது. மாமா என்றால் நைனாவின் தங்கை, என் அத்தையின் புருஷன். கரை சேர்ந்தவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது, கூட்டத்தை விலக்கி என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். ஐந்து பெயர்கள் இருந்தன. மாமாவின் பெயர் இல்லை.

"இன்னொரு தபா படி" என்றாள் அத்தை.

படித்தேன்.

"மெதுவா படிடி. இன்னா அவசரம் உனுக்கு?"

மூன்றாவது முறையும் படித்தேன். அதற்குப் பிறகு அத்தை கேட்கவில்லை. வாயால் ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள், அச்சில் வந்துவிட்டால் முடிந்தது. அப்படித்தான் அவளுக்கு இருந்தது. எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான் இருந்தது.

மாமாவின் உடல் கிடைக்கவில்லை. தடைக்காலம் வரட்டும், எல்லோரும் இருக்கும்போது அவர் சட்டையை வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. நெட்டுக்குப்பத்தில் மனைவியை இழந்த ஒருவர், காரியம் முடிந்த பிறகு அத்தையைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எங்களில் அது குறையான விஷயம் இல்லை. நைனா மூன்று மாதமாக அந்த ஒரு நினைப்பில்தான் நடமாடினார்.

இனி அந்தப் புத்தகம்.

தடைக்காலத்தில் அம்மா கருவாடு விற்கப் போவாள். மடித்துக் கொடுக்கப் பழைய பேப்பர் கடையிலிருந்து காகிதம் கட்டுக் கட்டாக வரும். செய்தித்தாள், பரீட்சைப் பேப்பர், யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அந்த வருடம் ஒரு கட்டின் நடுவே அட்டை இல்லாத ஒரு புத்தகம் கிடந்தது. ஐந்தாம் பக்கத்தில் தொடங்கியது. யார் எழுதியது, என்ன பெயர், எதுவும் இல்லை. தாள் பழுக்கவில்லை, புதிது போல வெள்ளையாக இருந்தது. பள்ளிப் பாடத்தைத் தவிர வேறு கதை எதையும் நான் அதுவரை படித்ததில்லை. அதைத் தனியே எடுத்து வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"அந்தத் தாளு தடியா கீது. நெத்திலி மடிக்க அதான் தோது. இன்னாத்துக்கு எடுத்து ஒளிக்கிற?"

"படிச்சுட்டுத் தர்றேம்மா."

"முச்சூடும் படிச்சு எப்போ தருவ? படிச்ச வரைக்கும் கிழிச்சிக் குடு."

அதுவே எங்கள் ஒப்பந்தமாயிற்று. ஒரு கதை படித்து முடித்ததும் அந்தத் தாள்களைக் கிழித்து அம்மாவின் கூடைக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் கதை வண்ணாரப்பேட்டையில் யார் வீட்டுச் சமையலறைக்கு எந்தக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டு போனதோ தெரியாது.

மதியத்தில் பெண்கள் கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து கருவாடு பிரிப்பார்கள். காரப்பொடி மீன் தனி, வாளை தனி, நெத்திலி தனி. உப்பு காய்ந்த விரல்களால் காகத்தை விரட்டுவார்கள். சும்மா உதட்டை அசைத்துப் படிக்கிறாயே, சத்தமாகத்தான் படியேன் என்று கேட்டது ஐஸ் அக்கா. அவள் புருஷனுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை, அதனால் அந்தப் பெயர். எதற்கும் வாய் சும்மா இருக்காது அவளுக்கு.

இரண்டாம் கதையில் ஒருவன் அலுவலகம் விட்டு வந்து ஜன்னல் அருகே நிற்பான். நிற்பான், நிற்பான், அதுதான் கதை.

"வேலைக்குப் போறான், சம்பளம் வாங்குறான், துன்னுறான்" என்றாள் ஐஸ் அக்கா. "அப்பால இன்னாத்துக்கு ஜன்னலாண்ட நிக்கிறான்? பேஜாரு புடிச்சவனா கீறானே."

"கரண்டு பூடுச்சோ இன்னாவோ" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொரு கதையில் ஒரு பெண் கணவனுக்குக் காபி கொடுப்பாள். அவன் பேசிக்கொண்டே இருப்பான். ஆறிடுச்சு, வேறு போட்டுத் தரட்டுமா என்று கேட்பாள். வேண்டாம் என்பான். சரி என்று உள்ளே போவாள். அதோடு முடிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ ஒரு தாள் விழுந்துவிட்டதா என்று தேடினேன். அம்மா கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அவ அவன வுட்டுட்டா. இனிமே போட்டுக் குடுக்க மாட்டா, பாரேன்."

நம் கூட்டத்தில் அதைப் போன்ற ஒரு கதைக்கு நாம் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம். உங்களைக் குறை சொல்லவில்லை. அன்று அம்மா சொன்னதை நான் காதில் வாங்காமல் அடுத்த கதைக்குப் போனேன் என்பதைத்தான் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு இல்லாதிருந்தால், இரண்டு நாள் கழித்து நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

ஒன்பதாவது கதை கடற்கரையில் நடந்தது. எழுதியவருக்குக் கடல் அவ்வளவாகத் தெரியாது. எந்த மீன் எந்த மாதத்தில் வரும் என்பதிலேயே ஐஸ் அக்கா இரண்டு தப்பு கண்டுபிடித்தாள். ஆனால் கதைக்குள் ஒரு படகு திரும்பி வராமல் போனது. அத்தை நெத்திலி பிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் அதுவரை எந்தக் கதைக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. ஓரமாக உட்கார்ந்து வேலையை மட்டும் பார்ப்பாள். இப்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் படகுக்காரனின் மனைவி கரையில் நிற்கிறாள். தூரத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான். கீழே பாதிப் பக்கம் வெள்ளை. எதிர்ப்பக்கத்தில் பெரிய எழுத்தில் அடுத்த கதையின் பெயர்.

"அப்பால?" என்றாள் ஐஸ் அக்கா.

அத்தை என்னைப் பார்த்தாள்.

தெரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. போடவில்லை என்று சொல்லியிருக்கலாம். போடவில்லை என்றால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்கள் என்று பட்டது. ஒருமுறை மாமாவின் பெயர் இல்லை என்று படித்த வாய் இது, அதுவும் உள்ளே எங்கோ இருந்திருக்கலாம். அது இப்போது யோசித்துச் சொல்வது, அவ்வளவாக நம்ப வேண்டாம். அந்த வெள்ளைப் பாதிப் பக்கத்தில் கண்ணை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், புத்தகத் தமிழிலேயே படித்தேன்: 'அந்தப் புள்ளி அவன் இல்லை. அவன் விசாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். வேறொரு படகு அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. தன் பெயரும் ஊரும் அவனுக்கு மறந்துபோயிருந்தன. ஆறு மாதம் கழித்து ஞாபகம் வந்து, ரயில் ஏறி அவளிடம் வந்து சேர்ந்தான்.'

விசாகப்பட்டினம் ஏன் என்றால், கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களைத் தேர்வில் கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் முழு மதிப்பெண்.

புத்தகத்தை மூடினேன். அத்தை எழுந்து என் அருகே வந்து குந்தினாள்.

"எந்த ஊருன்னு போட்டுக்கீது?"

"விசாகப்பட்டினம்."

"ஆஸ்பத்திரி பேரு?"

"பேரு போடல அத்த. பெரியாஸ்பத்திரின்னு போட்டுக்கீது."

"எம்மே, அது கத மே" என்றாள் ஐஸ் அக்கா. அவள் குரலில் அன்றுதான் முதல் முறையாகக் கேலி இல்லை.

"கதன்னா? அச்சுல போட்டுக்கீதே. சொம்மாவா அச்சடிப்பான்?"

ஐஸ் அக்கா கருவாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜன்னல் அருகே நின்றவனையும் காபி போட்டவளையும் பற்றி அவளும் எங்கோ இருக்கிற ஆட்களைப் போலத்தானே இத்தனை நாள் பேசினாள்.

அன்று சாயங்காலம் அத்தை நைனாவிடம் காரியம் வேண்டாம் என்றாள். நாள் குறித்தது வருகிற ஞாயிற்றுக்கிழமை. சமையலுக்குக்கூடச் சொல்லியாகிவிட்டது. நைனா கத்தினார், பிறகு கெஞ்சினார், பிறகு என்னைப் பார்த்து, "அந்தத் தாள எடுத்து வை. காலைல மீனவர் சங்கத்து கணக்குப்பிள்ளையாண்ட காட்டிக் கேக்கறேன்" என்றார்.

நான் விடிவதற்குள் எழுந்தேன். அந்தக் கதையின் தாள்களைக் கிழித்து, அம்மாவின் கூடையில் காகிதக் கட்டுக்கு மேலாக வைத்தேன். மேலே இருப்பதுதான் முதலில் போகும். அம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

"தாளு எங்கடி?" என்றார் நைனா.

"அம்மா மடிக்க எடுத்துனு பூட்டாங்க."

என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்படித் திட்டியிருந்தால் அழுதபடி உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"வுடு. நீ படிச்சல்ல? போட்டுக்கீதுன்னா போட்டுக்கீது. படிச்ச புள்ள பொய் சொல்லாது" என்றார்.

பிறகு நான் பட்டம் வாங்கினேன், வேலை வாங்கினேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னை யாரும் பாராட்டவில்லை, அப்படி ஒரு பாராட்டு இன்னொரு முறை வேண்டாம் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காரியம் நடக்கவில்லை. நைனாவும் அத்தையும் கல்யாண போட்டோவை எடுத்துக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார்கள். பாஷை தெரியாத ஊரில் ஒரு வாரம் ஆஸ்பத்திரி வாசலில் போட்டோவைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஏழாம் நாள் யாரோ ஒரு வார்டு ஆள், இதே ஜாடையில் ஒருவன் இருந்தான், போன வாரம்தான் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறான். இரக்கப்பட்டுச் சொன்னானோ, வழியை மறைக்காமல் போகட்டும் என்று சொன்னானோ. அத்தை திரும்பி வந்தபோது தலை நிறையப் பூ வைத்திருந்தாள். "கெளம்பிட்டாராம்" என்று சந்து முழுக்கச் சொன்னாள்.

மாமா வரவில்லை. பெரியவர்கள் அத்தைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். தர்காவுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டினார்கள். பிறகு திமிர் என்றார்கள். நெட்டுக்குப்பத்துக்காரர் அடுத்த தடைக்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. எத்தனையோ காரணம் தேடினார்கள். தினமும் பள்ளிச் சீருடையில் அவர்கள் நடுவே போய்வந்துகொண்டிருந்த காரணத்தை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. நான் கல்லூரியில் தேறியபோது சந்துக்கே லட்டு கொடுத்தது அத்தைதான்.

கல்லூரி நூலகத்தில் தொடங்கியது என் சிறுகதைப் பைத்தியம். நல்ல ரசனை என்று நீங்கள் சொல்வதுண்டு. உண்மையில் நான் அந்த ஒன்பதாவது கதையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதில் என் முடிவு எங்காவது இருந்துவிடாதா என்று. கிடைக்கவில்லை. தேடப் போன இடத்தில் மற்ற கதைகளைப் படித்தேன், சில நல்ல கதைகள், சில மிக நல்லவை. படிக்கப் பழகினேன். சொல்லாமல் விட்டதை மதிக்கவும் பழகினேன். ஆனாலும் ஒரு கதையில் கடல் வந்தால், கரையில் ஒருத்தி நின்றால், முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

அன்று கூட்டத்திலிருந்து இறங்கி, ராயபுரத்திலிருந்து நடந்தே காசிமேட்டுக்குப் போனேன். அத்தை இப்போது துறைமுகத்தில் மீன் வெட்டிக் கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம். அரிவாள்மனைக்கு முன்னால் வஞ்சிரமும் சங்கராவும் பையோடு வரிசையில் காத்திருந்தன. அவளுக்கு வயது நாற்பத்தாறு. நெற்றியில் பொட்டு.

"இன்னாடி இந்நேரத்துல? மீட்டிங்கு இல்லியா?"

"அத்த, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. காது சொம்மாதான கீது."

சொன்னேன். நின்றபடியே, ஜனங்கள் இடித்துக்கொண்டு போகும்போதே சொன்னேன். வெள்ளைப் பாதிப் பக்கத்தையும், விசாகப்பட்டினத்தையும், விடிவதற்குள் தாள்களைக் கூடையில் வைத்ததையும் சொன்னேன். பாதியில் அத்தையின் கை நின்றது.

"இன்னாக்கா, நின்னுட்டீங்க? தலைய ரெண்டாப் போடுங்க" என்றார் மீனுக்கு நின்றவர்.

அத்தை தலையை இரண்டாகப் போட்டாள். தண்ணீர் ஊற்றிக் கழுவி, பையில் போட்டுக் கொடுத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"அப்போ அதுல இன்னாதான் போட்டிருந்துச்சு?"

"ஒண்ணும் போடல அத்த. அவ கரையில நின்னு பாத்துகினு கீறா. தூரத்துல ஒரு புள்ளி. அத்தோட முடிஞ்சிடுச்சு."

"வந்தானா இல்லியான்னு?"

"போடல."

"அது கரீட்டு" என்றாள் அத்தை. "அத யாரால சொல்ல முடியும்."

அடுத்த பையைக் கவிழ்த்தாள். சங்கரா. செதிலைச் சுரண்டத் தொடங்கியவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"அவ?"

"அவ இன்னா?"

"அங்கியே நின்னுகினு கீறாளா? யாரும் வந்து அவள வூட்டுக்கு இட்டுகினு போலியா?"

"இல்ல அத்த."

அத்தை சங்கராவைச் சுரண்டினாள், செதில் பறந்தது. என் சுடிதாரில் ஒட்டியதை நான் தட்டவில்லை. அத்தையின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"பொய் சொன்னதுதான் சொன்ன" என்றாள். "அவன இட்டாந்தியே, அதுக்கு பதிலா அவள வூட்டுக்கு அனுப்பி வுட்டிருக்கக் கூடாதாடி?"

நான் பக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று அவள் சொல்லவில்லை. வெயில் தகரக் கூரையைத் தாண்டி எங்கள் மேல் இறங்கியபோது அவள் கையைப் பிடித்தேன். மீன் தண்ணீரில் ஊறிச் சில்லென்று இருந்தது.

"எந்திரி அத்த, வூட்டுக்குப் போலாம்."

அத்தை கையை உருவிக்கொண்டு அடுத்த மீனை எடுத்தாள்.

"இன்னும் ஒரு கூட மீனு கீதுடி" என்றாள். "நீ போ."